மைக்குல பேரச் சொன்னாங்களா?

எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் நான் திரைக்குப் பின்னால் நின்று பாடினேன். மேடையில் என் வகுப்புத் தோழி ஆண்டாள் வேடமிட்டு ஆடினாள். அவள் ஒல்லி. ‘நல்ல நிறம்’ என்று எங்கள் ஊரில் எதைச் சொல்வார்களோ அந்த நிறம். நான் அப்போதே குண்டு. “உன் குரல் போதும், நீ உள்ளயே நில்லு” என்று டீச்சர் சொன்னபோது எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. மைக் என் கையில் இருந்தது. அதுவே பெருமையாக இருந்தது. தோழி வாயசைத்தாள், நான் பாடினேன், கைதட்டல் அவளுக்குப் போனது. வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “மைக்குல உன் பேரச் சொன்னாங்களா?”

சொல்லவில்லை. ஏன் உன்னை மேடையில் ஏற்றவில்லை என்று அம்மா கேட்கவில்லை. பேரைச் சொன்னார்களா என்றுதான் கேட்டாள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு ஆல்பம் தேவைப்பட்டது.

1992இல் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறைத்தோழியின் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய கேசட்டுகளில் ஒன்று ‘பிளாக் பாக்ஸ்’ குழுவின் முதல் ஆல்பமான ‘ட்ரீம்லேண்ட்’. ஞாயிறு மதியம் வார்டன் தூங்கும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போடுவோம். அதுவரை யார் முன்னாலும் ஆடியிராத நான் அந்த அறையில் ஆடினேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே நான்கடி இடம். அந்தக் குரல் எழும்பும்போது நான்கடி போதுமானதாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து வரும் குரல் அது. கூச்சமே இல்லாத குரல்.

கேசட் அட்டையில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. கறுப்பினப் பெண், மெலிந்த உடல், கூரிய தாடை. அந்தக் குரலை அந்த உடலோடு சேர்த்தே நான் கேட்டேன். இப்படி உடம்பு இருந்தால்தான் இப்படிக் குரல் வரும்போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். என்னிடம் இருந்தது குரல் ஒன்றுதான். அதையும் ஒல்லியானவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கேசட் அட்டை போதுமாக இருந்தது.

பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அட்டையில் இருந்த பெண் அந்த ஆல்பத்தில் ஒரு வரிகூடப் பாடவில்லை. பாடியவர் என்னைப் போன்ற உடல்வாகு கொண்டவர்.

பிளாக் பாக்ஸ் என்பது டானியேலே டாவோலி, மிர்கோ லிமோனி, வலேரியோ செம்ப்ளிச்சி ஆகிய மூன்று இத்தாலிய ஆண்களின் குழு. 1990இல் வந்த ‘ட்ரீம்லேண்ட்’ ‘ஹவுஸ்’ வகை இசை. அந்த இசையின் ஊர் இத்தாலி அல்ல, சிகாகோ. 1977இல் அங்கே தொடங்கிய ‘வேர்ஹவுஸ்’ என்ற நடன விடுதியில் பிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்றினார். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பால் ஈர்ப்பாளர்கள். அந்த விடுதியின் பெயரில் பாதிதான் ‘ஹவுஸ்’ ஆனது என்று சொல்வார்கள். அதே சிகாகோவில், 1979 ஜூலையில், ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்துக் கொண்டாடினார்கள். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. டிஸ்கோவைத் தாங்கிய குரல்களில் மிகப் பல கறுப்பினப் பெண்களுடையவை. அந்தப் பாடகிகளுக்கு வாய்ப்புகள் சுருங்கின. ஆனால் அவர்களுடைய குரல்களுக்கான பசி சுருங்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் குரல்கள் திரும்பி வந்தன, இந்த முறை பெயர் இல்லாமல்.

அதற்குக் கருவியாக இருந்தது சாம்ப்ளர். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து ஒரு விசையில் ஏற்றிவிட்டால், அழுத்தும்போதெல்லாம் அந்தத் துண்டு பாடும். பிளாக் பாக்ஸை உலகுக்குத் தெரியவைத்த ‘ரைடு ஆன் டைம்’ பாடல் 1989இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு அங்கே அதிகம் விற்ற ஒற்றைப் பாடலும் அதுதான். அதில் அலறி எழும் குரல் லோலியாட்டா ஹாலோவேயினுடையது. 1980இல் டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த ‘லவ் சென்சேஷன்’ பாடலிலிருந்து வெட்டியது. அந்தப் பதிவுக்காக மீண்டும் மீண்டும் பாட வைத்ததில் தொண்டை கட்டிப்போக, காபியில் விக்ஸ் கலந்து குடித்துவிட்டுப் பாடியதாக ஹாலோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உழைத்துத் தேய்ந்த தொண்டை அது. சாம்ப்ளரில் ஏற்றினால் தேய்மானம் இல்லை. எத்தனை முறை அழுத்தினாலும் அதே உச்சம்.

பாடலின் தலைப்பையே பாருங்கள். ‘சரியான நேரத்தில்’ என்ற பொருள்படத்தான் ஹாலோவே பாடியிருந்தார். இத்தாலியர்களின் காதில் அது ‘சவாரி’ என்று விழுந்தது, அப்படியே தலைப்பாகிவிட்டது. இதைச் சுவையான துணுக்காகச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடிய பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பிழை. கேட்கவில்லை. அவர் கேட்கப்பட வேண்டிய ஆளாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. பிறகு சட்டச் சிக்கல் வந்தது. ஹாலோவேயின் குரலை நீக்கிவிட்டு ஹெதர் ஸ்மால் என்ற பாடகியைப் பாடவைத்து இன்னொரு வடிவம் வெளியிட்டார்கள். அவருடைய பெயரையும் போடவில்லை. ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கறுப்பினப் பெண்ணின் குரல். இருவர் முகத்துக்கும் பதிலாக மூன்றாவது ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம்.

ஹாலோவேயின் குரல் பழைய தட்டிலிருந்து வந்தது. ‘ட்ரீம்லேண்ட்’ ஆல்பத்தின் ஆறு பாடல்களில் ஒலிக்கும் மார்த்தா வாஷின் குரல் அப்படி வந்ததல்ல. அவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, கூலி கொடுத்துப் பாட வைத்தார்கள். வேறு பாடகிகள் பிறகு பாடுவதற்கான மாதிரிப் பதிவு என்று சொல்லித்தான் பாட வைத்தார்கள் என்பது அவர் தரப்பு. பாடல்கள் வெளிவந்தபோது குரல் அவருடையதாகவே இருந்தது. ஆனால் அவர் பெயர் எங்கும் இல்லை. காணொளிகளில் காத்ரின் கினோல் என்ற விளம்பர அழகி வாயசைத்தார். ‘எவ்ரிபடி எவ்ரிபடி’, ‘ஸ்ட்ரைக் இட் அப்’ ஆகிய இரண்டும் அமெரிக்கப் பட்டியலில் எட்டாம் இடம் வரை போயின.

வாஷ் புதுமுகம் அல்ல. எழுபதுகளில் சான் பிரான்சிஸ்கோவில், தன்பால் ஈர்ப்பாளர்கள் கொண்டாடிய டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டருக்குப் பின்னணி பாடியவர். அவரும் இசோராவும் சேர்ந்து இரட்டையராக வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘டூ டன்ஸ் ஓ ஃபன்’. இரண்டு டன் கும்மாளம்! பின்னர் அதே இரட்டையர் ‘தி வெதர் கேர்ள்ஸ்’ ஆகி 1982இல் பாடிய ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். குண்டான பெண்ணைச் சந்தை எப்போதும் ஒளித்து வைப்பதில்லை. சிரிப்பதற்கு என்றால் முன்னால் நிறுத்தும், எடையையே பெயராகச் சூட்டும். நம் சினிமாவில் குண்டான நடிகைகளுக்கு எந்த மாதிரிக் காட்சிகள் எழுதப்பட்டன என்று யோசித்தால் இது புரியும். அதே பெண்ணின் குரல் ஆசையை, காமத்தை, கம்பீரத்தைப் பாடும்போதுதான் சிக்கல் வருகிறது. அப்போது குரல் வேண்டும், உடம்பு வேண்டாம். வாஷின் உடல் வேடிக்கைக்கு விற்றது. காதலுக்கு விற்காது என்று சிலர் முடிவு செய்தார்கள். அந்த முடிவைத்தான் அந்தக் கேசட் அட்டை எனக்கும் சொல்லிக்கொடுத்தது.

இனி ஆல்பத்துக்கு வருகிறேன். நல்ல ஆல்பமா? ஆம். இதை மழுப்ப விரும்பவில்லை. அந்த மூவரும் கைதேர்ந்தவர்கள். தாளத்துக்கு எதிர்த்தாளமாகத் துள்ளும் பியானோ, அளவாக நிறைந்து அளவாக ஒதுங்கும் பேஸ், எங்கே நிறுத்தினால் கால் தவிக்கும் என்ற கணக்கு, எல்லாமே அவர்களுக்குத் தெரியும். ‘எவ்ரிபடி எவ்ரிபடி’யில் வாஷின் குரலை ஒரு பக்கம் துண்டு துண்டாகத் தாளக்கருவிபோல் பயன்படுத்துகிறார்கள், மறுபக்கம் முழுதாக நீளவிடுகிறார்கள். வெட்டப்பட்ட குரலும் வெட்டப்படாத குரலும் மாறிமாறி வருவதுதான் அந்தப் பாடலின் விறுவிறுப்பு. ‘ஐ டோன்ட் நோ எனிபடி எல்ஸ்’ பாடலில் வாஷ் கோயில் பாடகியைப்போல் பாடுகிறார். ஒரு சொல்லைப் பிடித்து ஏற்றி, உச்சியில் நிறுத்தி, இறங்கும்போது சற்றுக் கரகரப்பு சேர்க்கிறார். கறுப்பினத் தேவாலயங்களில் பாடிப் பழகிய தொண்டைக்கே அது கைவரும். எர்த் விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ‘ஃபேன்டஸி’யை மறுபடி பாடியிருப்பதில் வேகம் குறைவு. அங்கே அவர் மூச்சு எடுக்கும் இடங்கள்கூடக் கேட்கின்றன.

குரல் முன்னால் நிற்காத பகுதிகளையும் கேளுங்கள். தலைப்புப் பாடலான ‘ட்ரீம்லேண்ட்’டும் ‘கோஸ்ட் பாக்ஸ்’ஸும் சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் முடிந்த பத்தாவது நிமிடத்தில் அவற்றை மறந்துவிடுவோம். அந்த மூவரும் தனியாக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஆல்பத்துக்குள்ளேயே கிடைக்கும் சான்று இது. மீதித் தூரத்தை நடந்தவரின் பெயர்தான் அட்டையில் இல்லை.

இதைத் தோழிகளிடம் சொன்னபோது ஒருத்தி சட்டென்று கேட்டாள்: “இதுல என்னடி புதுசு? நம்ம படத்துல எல்லாம் இதானே நடக்குது? ஒருத்தி பாடுறா, ஒருத்தி வாயசைக்கிறா.” நியாயமான கேள்வி. வாயசைப்பைக் குற்றம் என்றால் நம் திரையிசை முழுவதையும் கூண்டில் ஏற்ற வேண்டும். ஆனால் நாம் பி.சுசீலாவையும் எஸ்.ஜானகியையும் பெயர் சொல்லித்தான் கேட்டோம். திரையில் யார் வாயசைத்தாலும் பாடியவர் யாரென்று வானொலி சொன்னது. குரலும் உடலும் பிரிந்திருப்பதில் ஏமாற்று இல்லை. அது எல்லோரும் அறிந்த ஏற்பாடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஏற்பாடும் சும்மா கிடைத்ததல்ல. 1949இல் வந்த ‘மஹல்’ இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய ‘ஆயேகா ஆனேவாலா’ பாடலின் இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. கதாபாத்திரத்தின் பெயரான ‘காமினி’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். பாடியது யார் என்று நேயர்கள் கேட்ட பிறகே வானொலியில் பெயர் சொல்லப்பட்டது. மைக்கில் பேரைச் சொல்ல வைக்க லதாவுக்கே அந்தப் பாடு. பின்னணிக் குரல் கலைஞர்களின் நிலை இன்னும் மோசம். 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளப் படத்தில் நாகவல்லி தமிழில் சீறும் காட்சியை மறக்க முடியுமா? அந்தக் குரலை வேறொரு கலைஞருடையது என்றே பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞர் துர்காதான் அதைப் பேசினார் என்று இயக்குநர் ஃபாசில் வெளிப்படையாகச் சொன்னது 2016இல். இருபத்துமூன்று ஆண்டுகள்! ஆகவே பிளாக் பாக்ஸ் எங்கோ இத்தாலியில் நடந்த கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இன்னொரு வாதமும் உண்டு. கூலி பேசினார்கள், கூலி கொடுத்தார்கள், அப்புறம் என்ன? பேசிய கூலி எந்த வேலைக்கு என்பதுதான் என் கேள்வி. மாதிரிக்குப் பாடியதை விற்பனைக்கு வைத்தால் அது வேறு வேலை. தவிர, பெயர் என்பது அலங்காரம் அல்ல. பாடகிக்கு அடுத்த மேடையை, அடுத்த பாடலை, அடுத்த மாத வாடகையைக் கொண்டுவருவது பெயர்தான். பெயரை எடுத்தால் வருங்கால வருமானத்தையும் சேர்த்தே எடுத்ததாகிறது.

காத்ரின் கினோலை இந்தக் கதையின் வில்லியாக்க எனக்கு மனம் வரவில்லை. குவாதலூப் தீவைச் சேர்ந்த அவரும் ஒரு கறுப்பினப் பெண். வாயசைக்கச் சொன்னார்கள், வாயசைத்தார். குரல் இல்லாத உடலாக அவரையும், உடல் இல்லாத குரலாக வாஷையும் வைத்துக்கொண்டு, முழு ஆளாக இருக்கும் உரிமையைத் தயாரிப்பாளர்கள் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டாளாக ஆடிய என் தோழியை நினைத்துக்கொள்கிறேன். விழா முடிந்த சில மாதங்களில் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் அவளைச் சூழ்ந்து, “அன்னிக்குப் பாடுனியே, அதப் பாடும்மா” என்றார்கள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நான் பாடினேன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவருக்குமே வெட்கம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்று அப்போது தெரியவில்லை.

1990 நவம்பரில் ‘மில்லி வனிலி’ என்ற இரட்டையர் தங்கள் ஆல்பத்தில் பாடவே இல்லை என்று அம்பலமானது. கிராமி விருது பறிக்கப்பட்டது. பத்திரிகைகள் அந்த இரு இளைஞர்களையும் கிழித்துத் தொங்கவிட்டன. அந்த ஆரவாரத்தில் எல்லோரும் கேட்டது, பாடாதவர் யார் என்பதை. பாடியவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. வாங்கியவன் ஏமாந்தான் என்பதுதான் அங்கே குற்றமாகத் தெரிந்தது. பாடியவர் களவு கொடுத்தார் என்பது இரண்டாம்பட்சம்.

வாஷ் அந்த இரண்டாம் கேள்வியோடு நீதிமன்றம் போனார். அமெரிக்காவில் ‘ட்ரீம்லேண்ட்’டை வெளியிட்ட ஆர்சிஏ நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அதில் அவருக்குத் தனிப் பாடகியாக ஒப்பந்தமும் கிடைத்தது. 1993இல் ‘மார்த்தா வாஷ்’ என்று தன் பெயரையே தலைப்பாக வைத்து ஆல்பம் வந்தது. அதற்கு முன்னோடியாக 1992இல் வந்த ‘கேரி ஆன்’ அமெரிக்க நடனப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதற்கிடையில் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி குழுவின் ‘கொன்னா மேக் யூ ஸ்வெட்’டில் இதே கதை மறுபடி நடந்திருந்தது. குரல் வாஷ், காணொளியில் வேறு பெண். அந்த வழக்கும் 1994இல் சமரசத்தில் முடிந்தது. அந்தக் காணொளியில் வாஷின் குரல் என்று குறிப்புச் சேர்க்க எம்டிவியிடம் கேட்டுக்கொள்ள நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஹாலோவேயின் கதையிலும் ஒரு சிறு திருத்தம் நடந்தது. ‘லவ் சென்சேஷன்’ துண்டை மறுபடி பயன்படுத்திய மார்க்கி மார்க்கின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ 1991இல் வெளிவந்தபோது அவர் பெயரும் பாடலோடு இருந்தது, அவரே காணொளியில் தோன்றினார். அந்தப் பாடல் அமெரிக்காவில் முதலிடம் போனது. பெயரைப் போட்டதால் விற்பனை படுத்துவிடவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘ட்ரீம்லேண்ட்’டை இன்றைக்கு நான் பரிந்துரைப்பேனா? பரிந்துரைப்பேன். புறக்கணித்தால் மறைக்கப்பட்ட பெண்ணை நாமும் ஒருமுறை மறைத்தது போலாகும். சமீபத்தில் வீட்டில் தனியாக இருந்த ஒரு மாலை அதைப் போட்டுக் கேட்டேன். ஐம்பதைத் தொட்ட முட்டியோடு கொஞ்சம் ஆடவும் ஆடினேன். இந்த முறை அந்தக் குரல் எனக்குக் கேசட் அட்டையைக் காட்டவில்லை. பெரிய மார்பும் பெரிய தோளும் கொண்ட ஒரு பெண், மைக்குக்கு முன்னால் காலை அகட்டி நின்று மூச்சை இழுப்பது தெரிந்தது. அந்த உடம்பு இருந்ததால்தான் அந்தக் குரல் என்று சொல்ல மாட்டேன். அது இன்னொரு மூடநம்பிக்கை. அந்த உடம்போடு அந்தக் குரல் இருந்தது. அவ்வளவு தெரிந்திருந்தால் பதினெட்டு வயதில் எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

அம்மாவின் கேள்விக்கு இந்த ஆல்பத்தின் சார்பில் தாமதமாகவேனும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆறு பாடல்களைப் பாடியவர் மார்த்தா வாஷ். ‘ரைடு ஆன் டைம்’ பாடலின் அலறல் லோலியாட்டா ஹாலோவேயினுடையது. அதன் மாற்று வடிவத்தைப் பாடியவர் ஹெதர் ஸ்மால். வாயசைத்தவர் காத்ரின் கினோல்.